புளியோதரைக்குக் காவல்

போன வாரம் தென்காசியில் மருந்துக் கடை வாசலில் நின்று, அட்டையில் மாத்திரை சரியாகப் பத்து இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்ன அண்ணாச்சி, வெளிநாடு போயி ஐஸ்ல சறுக்குறதெல்லாம் பாத்தியளாமே. எப்படி இருந்துது?"

பக்கத்துத் தெருக்காரர். போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். கேள்வி கேட்டால் பதில் வாங்காமல் விடமாட்டார்.

"சுவர் நல்லா இருந்துது" என்றேன்.

சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் ஜோக் அடிப்பதாக நினைத்துவிட்டார் போல. இல்லை. உண்மையாகவே நான் பார்த்தது சுவர்தான். சாம்பல் நிறச் சுவர். அதில் இருந்த ஜன்னல்களைக்கூட எண்ணி வைத்திருக்கிறேன். யாருக்காவது வேண்டுமென்றால் சொல்கிறேன்.

விமானம் ஏறி, கடல் தாண்டி, நாலு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒருவன் சுவர் பார்க்கப் போவானா? போனேன். எப்படி என்று சொல்லத்தான் இந்த வாரம்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் புலம்பல் ஒன்று மனப்பாடமாகியிருக்கும். சாரல் விழ ஆரம்பித்தால் போதும், குற்றாலத்துக்கு வருகிற கூட்டத்தில் கால்வாசி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். "சும்மா ஒரு குளியல் போட்டுட்டுப் போயிருவோம்" என்பார்கள். மூன்று நாள் இருப்பார்கள். ஈரத்துண்டு மாடிப்படிக் கைப்பிடி முழுக்கத் தொங்கும். ரோட்டில் கார், காருக்குப் பின்னால் வேன், வேனுக்குப் பின்னால் நான் — பால் வாங்கப் போனவன். தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக எவரைப் பார்த்தாலும் எனக்குப் பிபி ஏறும்.

அப்படிப்பட்ட நான் இன்னொருவர் ஊருக்கு, அவர்களுடைய சீசனில், கூட்டத்தோடு கூட்டமாகப் போய் இறங்கினேன்.

காரணம் என் மனைவி செண்பகம்.

அவளுக்கு ஐஸ் ஸ்கேட்டிங் என்றால் உயிர். சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டுக்கு முதல் டிவி வந்த காலத்தில் ஒருநாள் ஏதோ சேனலைத் தேடும்போது, சிவப்புப் பாவாடை கட்டிய ஒரு பெண் ஐஸ் மேல் வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தாளாம். அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதிலிருந்து இன்றுவரை விடவில்லை. சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். "பேசுதவன் தொந்தரவு தாங்கலை" என்பாள். இங்கிலீஷ் பெயர்களும் வேண்டாம். அவளே பெயர் வைத்திருக்கிறாள். ஒற்றைக் காலில் நின்று மறுகாலைப் பின்னால் நீட்டினால் 'கொக்கு'. உட்கார்ந்தபடி சுற்றினால் 'ஆட்டுக்கல்'. எகிறிச் சுற்றினால் 'பம்பரம்'.

கொஞ்ச வருஷமாக அவளுக்கு ஒரு பிள்ளை மேல் கண். எந்த நாட்டுப் பெண் என்பதெல்லாம் செண்பகத்துக்குத் தெரியாது. தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருக்கும். அதனால் 'கட்டை முடிப் பிள்ளை'. ஒரு போட்டியில் அந்தப் பெண் விழுந்து, ஆட்டத்தைப் பாதியில் விட்டு அழுதுகொண்டே வெளியேறியதை டிவியில் பார்த்துவிட்டு, அன்றைக்கு இவள் சரியாகச் சாப்பிடவில்லை. "அது மறுபடி எந்திச்சு ஆடுதான்னு ஒருநாள் நேர்ல பாக்கணும்" என்றாள். அவள் என்னிடம் நகை கேட்டதில்லை, காசி யாத்திரை கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான்.

எங்கள் மகன் கணேசனும் மருமகள் அனிதாவும் ஆல்ப்ஸ் மலை தூரத்தில் தெரிகிற ஒரு நகரத்தில் இருக்கிறார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த நகரத்துக்கே குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் வந்தன. பெண்கள் ஸ்கேட்டிங் கடைசிநாள் ஆட்டத்துக்கு நாலு டிக்கெட் கிடைத்துவிட்டது என்று மகன் போன் செய்தான். விசா கிடைக்க வேண்டுமென்று செண்பகம் பண்பொழி திருமலைக் குமரன் கோயிலுக்குப் படியேறிப் போய் வேண்டிக்கொண்டாள். கிடைத்தது. குமரனுக்கு அந்த நாட்டுத் தூதரகத்திலும் ஆள் இருக்கிறது போல.

போய் இறங்கிய மறுநாள் மகன் வீட்டு லிப்டில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். அதே மாடிக்காரராம். கையில் ஒரு பால் பாட்டில். எங்கள் ஸ்வெட்டர்களையும், என் குரங்குத் தொப்பியையும், செண்பகத்தின் புடவைக்கு மேலிருந்த கோட்டையும் மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை எங்கோ பார்த்திருக்கிறேனே... எங்கே? கண்ணாடியில். ஆடி மாதத்துக் கண்ணாடியில்.

மரியாதையாக வணக்கம் சொன்னேன். அவர் பதிலுக்குப் பெருமூச்சு விட்டார். ரொம்ப நல்ல மனிதர் என்று எனக்குப் பட்டது.

ஊர் பூராவும் கூட்டம். டிராமில் கூட்டம், டிராமுக்கு நிற்கிற இடத்தில் கூட்டம், பிளாட்பாரத்தில் கூட்டம். எங்கள் ஊர்ப் பக்கத்து எல்லையில், புளியறை செக்போஸ்டில் லாரி நிற்கிற மாதிரி மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். ஹாரன் சத்தம் இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். நான் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எண்ணினேன். ஆள் நாலு, பை ஒன்று. ஆள் நாலு, பை ஒன்று. மருமகள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு மைக்கில் கூப்பிடுகிறவர்களைச் சீசனுக்குச் சீசன் கேட்டு வளர்ந்தவன் நான்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே புளியோதரை, தயிர் சாதம், ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி, ஒரு துண்டு, ஒரு போர்வை, என் மாத்திரை டப்பா. வெளியூர்க் கூட்டத்தில் போய் வெளிச் சாப்பாட்டை நம்பலாமா? கனம்தான். நான்தான் தூக்கினேன்.

அரங்க வாசலில் பாதுகாப்புச் சோதனை. அங்கேதான் எங்கள் பயணம் நின்றது.

"எப்பா, பேக்க உள்ள விட மாட்டாங்களாம்" என்றான் கணேசன். "ரொம்பப் பெரிசா இருக்காம். சாப்பாடும் கூடாதாம்."

எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம் தண்ணீர் பாட்டில், பிஸ்கட் எல்லாவற்றையும் அங்கிருந்த பெரிய தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. பைகளை வாங்கி வைக்கிற இடம் ஒன்றும் இருந்ததாம், ஆனால் அதன் வரிசை பாலம் தாண்டிப் போய்விட்டது. ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான்.

இந்த நிலையில் வேறு யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? புளியோதரையைத் தொட்டியில் போடுவார்கள். காலிப் பையைச் சுருட்டிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போவார்கள்.

எங்கள் நாலு பேரில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. வெளிநாட்டில் வருஷக்கணக்காக இருக்கிற மகனுக்குக்கூட. ஏனென்றால் இதற்கு எங்கள் ஊரில் ஒரு ஏற்பாடு உண்டு. அருவிக்குக் குடும்பமாகப் போனால், ஒருவர் குளிக்காமல் கரையில் உட்கார்ந்திருப்பார். எல்லோருடைய மாற்றுத்துணி, செருப்பு, மணிபர்ஸ், செயின் எல்லாம் அவர் மடியில். மற்றவர்கள் குளித்து வந்ததும் முறை மாறும். துணிக்குக் காவல் என்று அதற்குப் பெயர். எங்கள் வீட்டில் அந்தப் பதவி எப்போதும் எனக்குத்தான். தண்ணீர் என்றால் எனக்குத் தும்மல். அருவியில் நின்றவர்களைவிட அருவியை அதிகம் பார்த்தவன் நான்.

"நீங்க போங்க. நான் இங்கன நிக்கேன். பாதியில யாராவது வந்து மாத்துங்க" என்றேன்.

"சரிப்பா" என்றான் மகன். "சரி மாமா" என்றாள் மருமகள். செண்பகம் மட்டும் என் தொப்பியை இழுத்துக் காதை மூடிவிட்டு, "சுக்குக் காப்பியைக் குடிச்சிட்டே இருங்க" என்றாள். மூவரும் உள்ளே போனார்கள். எல்லோர் போனிலும் அவரவர் டிக்கெட்டை மகன் ஏற்றி வைத்திருந்தான். என்னுடையது என் போனில் அப்படியே இருந்தது.

சுவர் ஓரமாக நின்றேன். ஐஸ் உள்ளே இருந்தது. குளிர் முழுக்க வெளியே இருந்தது. இவ்வளவு குளிரை வெளியே வைத்துக்கொண்டு உள்ளே மிஷின் போட்டு ஐஸ் செய்கிறார்களே, எதற்கு? கேட்க ஆளில்லை. போனை எடுத்து எடுத்து மணி பார்த்தேன்.

பாதி ஆட்டம் முடிந்திருக்கும். கதவு திறந்தது. கோட்டும் புடவையுமாகச் செண்பகம் வந்துகொண்டிருந்தாள்.

"போங்க. உள்ள கதகதன்னு இருக்கு. எடம் படியேறின ஒடனே வலது பக்கம். நான் பையப் பாத்துக்கிடுதேன்."

"கணேசன் எங்க?"

"பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். அவன் வந்தா என்னைய விட மாட்டான்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் பாத்தேன். எல்லாரும் ஒரே மாதிரிதான் சுத்துதாவ."

எனக்கு எங்கோ இடித்தது. டிவியில் ஒரு கொக்குக்கும் இன்னொரு கொக்குக்கும் கால் உயரம் வித்தியாசம் சொல்லுகிறவள், எல்லோரும் ஒரே மாதிரி சுற்றுகிறார்கள் என்கிறாள்.

"கட்டை முடிப் பிள்ளை ஆடிட்டாளா?"

செண்பகம் பையின் ஜிப்பைத் திறந்து எதையோ தேடினாள். "அது கடைசிக் கூட்டத்துல வரும். முந்தின நாளு நல்லா ஆடினவள எல்லாம் கடைசியிலதான் விடுவாவ. இப்ப ஐஸைத் துடைக்காவ. நீங்க போனா சரியா இருக்கும். நீங்களும் ஒரு நல்ல ஆட்டத்தைப் பாக்கணும்லா."

அருவியில் எப்போது போய் நின்றாலும் ஒரே தண்ணீர்தான். முதலில் போனவருக்கும் கடைசியில் போனவருக்கும் நஷ்டமில்லை. அந்தக் கணக்கில்தான் நான் முறை மாற்றச் சொன்னேன். இங்கே நல்லதெல்லாம் கடைசியில் வருகிறது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வந்திருக்கிறாள்.

"நீ திரும்பிப் போ" என்றேன்.

போனாள். வாசலில் நின்ற தொண்டர் பெண் அவள் போனை மிஷினில் காட்டினாள். சிவப்பு விளக்கு. மறுபடி காட்டினாள். மறுபடி சிவப்பு. பக்கத்தில் ஒரு போர்டு இருந்தது. பல மொழிகளில் எழுதியிருந்தார்கள், அதில் இங்கிலீஷும் ஒன்று. ஒருமுறை வெளியே வந்தால் மீண்டும் நுழைய முடியாதாம். ஜன்னல்களையெல்லாம் எண்ணிய நான் அந்தப் போர்டைப் படிக்கவில்லை.

செண்பகம் என்னிடம் திரும்பி வந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "போகட்டும். டிவியில போடுவான்லா" என்றாள். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவளுடைய டிக்கெட் செத்துவிட்டது. என்னுடையது உயிரோடு இருக்கிறதே.

"என் போனை எடுத்துட்டுப் போ."

"வேண்டாம். இவ்வளவு தூரம் வந்து நீங்க ஒண்ணுமே பாக்காம—"

"நான் பாத்து என்னத்துக்கு? அவ ஆடினதை உனக்கு வந்து எப்படிச் சொல்லுவேன்? ஒரு பிள்ளை வந்துது, சுத்துச்சு, போச்சும்பேன்."

செண்பகம் கொஞ்சம் யோசித்தாள். "எத்தனை சுத்துன்னு எண்ணிச் சொல்லுவிய" என்றாள்.

"அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது."

"அதுவும் சரிதான்" என்று கையை நீட்டினாள்.

போனை எடுத்தேன். திரை கறுப்பாக இருந்தது. அமுக்கினேன். அசையவில்லை. வரும்போது முக்கால்வாசி சார்ஜ் இருந்தது. நிமிஷத்துக்கு ஒருமுறை கையுறையைக் கழற்றி வெளியே எடுத்து மணி பார்த்தேன் அல்லவா... குளிர் தாங்காமல் அணைந்துவிட்டது. உள்ளே மைக்கில் ஏதோ அறிவித்தார்கள். கூட்டம் கைதட்டியது. ஐஸைத் துடைத்து முடித்துவிட்டார்கள் போல.

இவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் நானே மணி பார்த்துக் கெடுத்துவிட்டேனா?

செண்பகம் பையைத் திறந்து ஃபிளாஸ்க்கை எடுத்தாள். அதன் மூடியில் சுக்குக் காப்பியை ஊற்றினாள். போனைத் துண்டுக்குள் வைத்து மடித்து, சூடான மூடியின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். குழந்தைக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் ஒத்தடம் கொடுப்பாளே, அதே போல. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். போட்டிக்குச் சம்பந்தப்பட்ட ஏதோ சடங்கு என்று நினைத்திருக்கலாம். ஒருவர் போட்டோவும் எடுத்தார்.

முதல் மூடிக் காப்பி ஆறியது. கீழே ஊற்றினாள். இரண்டாவது மூடி. உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

"எரியுது" என்றாள்.

திரையில் வெளிச்சம். பேட்டரி சிவப்புக் கோடாக இருந்தது. டிக்கெட்டைத் திறந்து கொடுத்தேன். அவள் ஓடினாள். அறுபத்தெட்டு வயதில், கோட்டுக்குக் கீழே புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு, பனியில் சறுக்காமல் ஓடினாள். தொண்டர் பெண்ணிடம் சுத்தமான தமிழில், "அவுகளுக்குப் பதிலா நான் போறேன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்தப் பெண் தலையாட்டினாள். என்ன புரிந்ததோ. பச்சை விளக்கு. கதவு மூடியது.

நான் மறுபடி சுவரிடம் வந்தேன். இப்போது போனும் இல்லை; செண்பகத்தின் போனும் அவளோடு போய்விட்டது. மகன் நம்பர் மனப்பாடம்தான், ஆனால் யாரிடம் போன் கேட்பது? என்னிடம் மிச்சமிருந்தது காது ஒன்றுதான். ஒவ்வொரு கூட்டத்திலும் ஆறு பேர் என்பதை மட்டும் செண்பகம் டிவி பார்க்கும்போது எண்ணி வைத்திருக்கிறேன். ஆறு பேர் என்றால் ஆறு பாட்டு. எண்ண ஆரம்பித்தேன். முதல் பாட்டு முடிந்தது, கைதட்டல். இரண்டாவதற்கு ரொம்பக் கைதட்டல். மூன்றாவது வயலின். நாலாவது ஏதோ இரைச்சல். பல நாட்டுக் கைதட்டலும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்டது.

ஐந்தாவது பாட்டு நடுவில் உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் "ஆ..." என்றார்கள்.

அந்தச் சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா? எவளோ விழுந்துவிட்டாள். யார்? கட்டை முடியா, நீள முடியா? சுவர் சொல்லவில்லை. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தார்கள். முதலில் கொஞ்சம் பேர், அப்புறம் எல்லோரும். நானும் கையுறையோடு தட்டினேன். எதற்கென்று தெரியாமல்தான். பக்கத்தில் ஒரு நாய் என்னைப் பார்த்தது.

பாட்டு முடிந்து கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. செண்பகம். இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருக்கிறதே, எண்ணிக்கையில் எனக்குத் தப்பு வராதே...

"ஆடிட்டாளா?"

"ஆடிட்டா. விழுந்துட்டா."

விசா, விமானம், ஸ்வெட்டர், சுக்குக் காப்பி — எல்லாம் ஒரு பிள்ளை விழுவதைப் பார்க்கவா? "ச்ச" என்றேன்.

"என்ன ச்ச? விழுறதை டிவியில நாலு தடவை திருப்பித் திருப்பிக் காட்டுவான். எந்திரிக்கதை யாரு காட்டுதா? நான் பாத்தேன். பாவாடையில ஒட்டின ஐஸை ஒரு தட்டு. அவ்வளவுதான். பாட்டு முன்னால போயிட்டு. இவ வெரசலாப் போயி அதை எட்டிப் பிடிச்சிட்டா. கடைசியில ஆட்டுக்கல்லு சுத்துனா பாருங்க..." செண்பகம் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தாள். "இந்தத் தடவை அழலை அவ. நான்தான் அழுதேன்."

மூடியில் மிச்சக் காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள்.

"அப்ப ஜெயிச்சது யாரு?"

"தெரியலையே. இன்னொரு பிள்ளை ஆட பாக்கி இருக்கு. நீங்க இங்கன குளிர்ல தனியா நிக்கியன்னு நான் வந்துட்டேன்."

உள்ளே ஆறாவது பாட்டு ஆரம்பித்தது. நாங்கள் இருவரும் சுவரோரம் நின்று புளியோதரை சாப்பிட்டோம். தங்கப் பதக்கம் யாருக்கு என்பதை மகன் வீட்டுக்குப் போய் டிவி போட்டுத்தான் தெரிந்துகொண்டோம் — தென்காசியில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.